பிக்கப்பின் பின்னால் ஐந்து டன்

மாண்ட்ரியலில் வீட்டு அஸ்திவாரம் தோண்டவும் குடிநீர்க் குழாய் மாற்றவும் பனி அள்ளவும் தேவைப்படும் சிறு இயந்திரங்கள் பெரும்பாலும் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிய டிரெய்லரில்தான் வேலையிடத்துக்கு வந்துசேர்கின்றன. தமிழ்நாட்டில் ஜேசிபி தன் சக்கரத்திலேயே சாலையில் ஓடி வேலைக்குப் போகும். இரும்புப் பட்டையில் நகரும் பொக்லைனை லாரியில் ஏற்றுவார்கள். வட அமெரிக்காவில் நான்கைந்து டன்னுக்கு உட்பட்ட இயந்திரத்துக்குத் தனி லாரி வைத்துக்கொள்ளும் சிறு ஒப்பந்தக்காரர் குறைவு. அவர் வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டும் அதே பிக்கப்தான் பொக்லைனையும் இழுக்கிறது.

சிறு இயந்திரம் இங்கே இவ்வளவு தேவைப்படுவதற்கு நகரின் அமைப்பே காரணம். பிளாட்டோ, ரோஸ்மாண்ட், வில்லரே, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் இரண்டடுக்கு, மூன்றடுக்கு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கொல்லைப்புறத்துக்குப் போக இருக்கும் ஒரே வழி குறுகலான பின்சந்து. பெரிய இயந்திரம் அதற்குள் திரும்பாது. நிலமும் சாதாரண நிலமன்று. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிய ஷாம்ப்ளேன் கடல் விட்டுச்சென்ற களிமண் நகரின் பல பகுதிகளில் அடியில் கிடக்கிறது. மழையற்ற கோடையில் அது சுருங்கும்போது அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடிக்கிறது. 1970க்கு முன் கட்டிய சிறு வீடுகளில் பலவற்றுக்குத் தண்ணீர் வந்தது ஈயக் குழாயில். அவற்றை மாற்றும் பணியும் நடந்துவருகிறது. இத்தனைக்கும் ஒன்றரை டன் முதல் ஐந்து டன் வரையிலான பொக்லைன் வேண்டும். லவாலிலோ லாங்கேயிலோ உள்ள வாடகைக் கிடங்கிலிருந்து அதை ஒருவர் இழுத்துவர வேண்டும்.

இழுக்கும் வண்டிகளை அரைட்டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். ஒரு காலத்தில் அது வண்டியின் பெட்டியில் ஏற்றக்கூடிய பாரத்தைக் குறித்தது. இன்று அந்தக் கணக்கு நடப்பில் இல்லை. 1975இல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150ஐ அறிமுகப்படுத்தியபோது, புகை சுத்திகரிப்புக் கருவி பொருத்தும் கட்டாயத்துக்கு உட்படாத எடை வகுப்பில் அதை நிறுத்துவதே நோக்கமாக இருந்தது. அந்த எஃப்-150இன் 2021ஆம் ஆண்டு மாடலுக்கு, தகுந்த பொருத்தங்களோடு, 6,350 கிலோ வரை இழுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2023இல் வந்த எஃப்-450க்கு அந்த எண் 18,000 கிலோவைத் தாண்டியது. ஜிஎம், ராம் நிறுவனங்களும் இதே ஓட்டத்தில் இருக்கின்றன. விளம்பரப் பலகைகளில் பெரிய எழுத்தில் வருவது இந்த ஓர் எண்தான். டிரெய்லர் பூட்டுபவரைத் தவறான வழிக்கு அதிகம் இழுப்பதும் இதுதான்.

எண் பொய்யன்று. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து சொல்லிக்கொண்டது. 2008இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்டது. 2011 மாடலில் டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டுகள் தயங்கிப் பிறகு வந்தார்கள். அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்கு அருகே 18 கிலோமீட்டர் நீளமுள்ள மலையேற்றத்தில், 38 டிகிரி வெயிலில், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் வண்டி ஏறிவிட வேண்டும். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிப்பது, சரிவில் கிளம்புவது, வளைவில் நிலைகுலையாமல் போவது ஆகியவற்றையும் சோதிக்கிறார்கள். கடுமையான, நேர்மையான முறை இது. ஆனால் வண்டியில் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், தலைக்கு 68 கிலோ என்று கொள்வதே இதன் அடிப்படை. வேலைக்குப் போகும் பிக்கப் அப்படிப் போவதில்லை.

உண்மையான எல்லை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறு ஒட்டுச்சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று கனடாவில் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லும். எடுத்துக்காட்டாக, ஓர் அரைட்டன் பிக்கப்பின் சீட்டில் 800 கிலோ என்று இருப்பதாகக் கொள்ளலாம். பொக்லைனின் எடை 3,500 கிலோ. அதைச் சுமக்கும் டிரெய்லர் 1,300 கிலோ. மொத்தம் 4,800 கிலோ. விளம்பர எண்ணைப் பார்த்தால் இன்னும் ஒன்றரை டன் இடம் மிச்சம். ஆனால் டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு பிக்கப்பின் பின்புறக் கொக்கியை அழுத்தும். 12 சதவீதம் என்று வைத்தாலும் 576 கிலோ. அந்த எடை பிக்கப்பில் ஏற்றிய சரக்காகவே கணக்கில் வரும். மீதி 224 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் அமர்ந்தால் 170 போய்விடும். கொக்கித் தண்டு, சங்கிலிகள், இரண்டு கேன் டீசல், மண்வெட்டிகள், கருவிப்பெட்டி ஏறியதும் எல்லை கடந்தாயிற்று. இழுப்பதில் ஒன்றரை டன் மிச்சம் இருந்த வண்டி, சுமப்பதில் அளவு மீறிவிட்டது. இயந்திரம் சிரமமின்றி இழுப்பதால் ஓட்டுநருக்கு இது உறைப்பதில்லை. பின் அச்சும் டயரும்தான் அறியும்.

கொக்கியில் விழும் இந்த எடையைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். அங்கேதான் பெரிய ஆபத்து. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுபவர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். பொக்லைனை அரை அடி பின்னால் நிறுத்தினால்கூட முன்பாரம் கணிசமாகக் குறையும். எடையின் மையம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அந்த ஆட்டம் தானே அடங்கும்; அதற்கு மேலே ஒவ்வொரு அலைவும் முந்தையதைவிடப் பெரிதாகும். லாரி ஒன்று வேகமாகக் கடந்துபோகும்போது வீசும் காற்றே அதைத் தொடங்கிவைக்கப் போதும். அப்போது ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கப் போகும். அது கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. காலி மைதானத்தில் ஒருமுறையாவது கை பழகியிருக்க வேண்டும்.

முன்பாரம் சரியான அளவில் இருந்தாலும் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயரும். முன் சக்கரத்தில் பிடிப்பு குறைகிறது. ஸ்பிரிங் தண்டுகள் கொண்ட எடைபகிர் கொக்கி அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். அரைட்டன் வண்டிகளில் ஒரு வரம்புக்கு மேல் இழுக்க அது கட்டாயம் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. இன்னும் கனமானவற்றுக்குக் கொக்கியைப் பின் அச்சுக்கு மேலேயே, பெட்டியின் நடுவில் பொருத்தும் முறை உண்டு. ஆட்டம் வெகுவாகக் குறையும்; ஆனால் அதற்கு முக்கால் டன், ஒரு டன் வண்டிகள்தான் ஏற்றவை. கொக்கியின் கோளம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2 அங்குலக் கோளத்தின் மேல் 2 5/16 அங்குலக் கிண்ணம் உட்கார்ந்துவிடும். பூட்டியது போலவே தெரியும். மார்ச், ஏப்ரலில் மாண்ட்ரியல் சாலைகளில் திறக்கும் குழி ஒன்றில் விழுந்து எழும்போது அது கழன்றுவிடலாம். கோளத்தின் தலையில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம். ஆளும் கருவியும் ஏறிய 2,600 கிலோ பிக்கப் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். பின்னால் 4,800 கிலோ சேர்ந்தால் அது 28 லட்சத்தைத் தாண்டும். அதே சுமையோடு வேகத்தை 80க்குக் குறைத்தால் ஆற்றலில் 36 சதவீதம் குறைகிறது. வேறு எந்தப் பாதுகாப்புக் கருவியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு தராது. டிரெய்லர் டயர்களில் பலவும் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவையே அல்ல. அதை அறியாமல் லோரான்ஷியன் மலைப்பக்கம் போகும் 15ஆம் நெடுஞ்சாலையில் இடப்புறத் தடத்தில் விரைபவர்கள் உண்டு.

மாண்ட்ரியல் அமைந்த கியூபெக் மாகாணத்தின் சாலைப் பாதுகாப்புச் சட்டப்படி, சுமையோடு 1,300 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்கு, அல்லது இழுக்கும் வண்டியின் வெற்றெடையில் பாதியைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தாக வேண்டும். இந்த வகை டிரெய்லர்களில் பெரும்பாலும் மின் பிரேக்தான். சக்கரத் தொட்டிக்குள் இருக்கும் மின்காந்தம் பிரேக் கட்டைகளை இழுத்து அழுத்தும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஓட்டுநர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவுசெய்யும். காலி டிரெய்லருக்கும் நிறைந்த டிரெய்லருக்கும், உலர்ந்த சாலைக்கும் பனிச்சாலைக்கும் அந்த அளவை மாற்றி வைக்க வேண்டும். கொக்கியே கழன்றுவிட்டால் ஒரு கம்பி இழுபட்டு, டிரெய்லரிலேயே உள்ள சிறு பேட்டரி தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். அந்தப் பேட்டரி செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. கிளம்பும் முன் கம்பியை இழுத்து, வண்டியை மெல்ல நகர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இயந்திரத்தை டிரெய்லரோடு கட்டுவதற்கும் கணக்கு இருக்கிறது. கனடாவின் தேசியச் சாலைப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் 10ஆம் தரநிலை இதற்கானது. சரக்கு முன்னோக்கிப் பாயும்போது அதன் எடையில் 80 சதவீத விசையையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 50 சதவீத விசையையும் கட்டு தாங்க வேண்டும். 3,500 கிலோ பொக்லைன் என்றால், திடீர் பிரேக்கில் 2,800 கிலோ அளவுக்கு ஓட்டுநரின் முதுகை நோக்கி அது தள்ளும். 4,500 கிலோவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் 2,268 கிலோ வேலைச்சுமை தாங்க வேண்டும். கடைகளில் அதிகம் விற்கும் 70ஆம் தரச் சங்கிலியில் 5/16 அங்குலத் தடிமனுக்கு வேலைச்சுமை 2,130 கிலோதான். பார்வைக்குப் பலமாகத் தெரியும். விதிக்குச் சற்றே குறைவு. 3/8 அங்குலம் ஏறக்குறைய 3,000 கிலோ தாங்கும். பொக்லைனின் கையைத் தாழ்த்தி, வாளியை டிரெய்லர் தளத்தில் அமர்த்தி, அதையும் தனியாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட கை, வழியில் பாலத்தின் அடிப்பாகத்தை இடித்ததும் உண்டு, பக்கத்துத் தடத்துக்குள் சுழன்றதும் உண்டு.

மாண்ட்ரியலின் குளிர்காலம் இந்த எல்லாக் கணக்கையும் இறுக்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் பனி பொழியும் நகரம் இது. பனி அள்ளும் சிறு லோடர்களும் டிரெய்லரில் ஏறித்தான் இடம் மாறுகின்றன. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக் வாகனங்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். 2008இல் தொடங்கிய அந்த விதியின் காலம் 2019இல் நீட்டிக்கப்பட்டது; நல்ல விதி. ஆனால் டிரெய்லருக்கு அது பொருந்தாது. 4,500 கிலோ எல்லையைத் தொட்ட கன வண்டிகளுக்கும் பொருந்தாது. முன்னால் உள்ள பிக்கப்பின் டயர் பனியைப் பற்றி நிற்க, பின்னால் ஐந்து டன் சாதாரண டயரில் சறுக்கிவரும் நிலையைச் சட்டம் அனுமதிக்கிறது. பனிக்கட்டிச் சாலையில் டிரெய்லரின் பிரேக் அளவு மிகுந்திருந்தால் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். குறைந்திருந்தால் டிரெய்லர் பிக்கப்பின் முதுகைத் தள்ளி, இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கும். இடைப்பட்ட அளவு மிகக் குறுகியது.

சாலையில் தூவும் உப்பு மெதுவாக வேலை செய்யும் எதிரி. டிரெய்லர் சட்டகத்தின் அடிப்பக்கம், ஸ்பிரிங் பிடிப்புகள், மின்கம்பி இணைப்புகள், பிரேக் காந்தங்கள் எல்லாவற்றையும் அது அரிக்கிறது. விளக்கு எரிவதால் பிரேக்கும் வேலை செய்யும் என்று நம்புவது சரியன்று. இரண்டுக்கும் கம்பி வேறு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியில் நின்ற டிரெய்லரை வசந்தத்தில் முதல் நாள் அப்படியே பூட்டி ஓட்டுவதுதான் ஆண்டில் மிக மோசமான பயணம். குளிர்காலம் மின்சாரப் பிக்கப்களையும் சோதிக்கிறது. இழுவிசையில் அவை குறைந்தவை அல்ல. ஆனால் கனமான டிரெய்லர் பூட்டினால் அவை ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. குளிரில் அது இன்னும் குறைகிறது.

தீவு நகரமாதலால் பாலமோ சுரங்கமோ தாண்டாமல் சரக்கு உள்ளே வராது. 2019இல் திறந்த சாமுவேல் டி ஷாம்ப்ளேன் பாலம் 3.4 கிலோமீட்டர் நீளம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் பக்கக் காற்று தடையின்றி அடிக்கும் இடம். நகருக்குள் வந்தபின் சிக்கல் வேகத்தில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. டிரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் தடத்தில் வராது. உள்ளே வெட்டி வரும். 2020இல் செயின்ட் டெனி தெருவில் அமைந்த விரைவு மிதிவண்டித் தடம் போன்ற இடங்களில், வலப்புறம் திரும்பும் பிக்கப் கடந்த பின்னும் டிரெய்லர் இன்னும் சைக்கிள்காரரின் வழியில் இருக்கிறது. தன்னைக் கடந்தது ஒரு கார் அளவுள்ள வண்டி என்று எண்ணி அவர் முன்னேறுவார். மாண்ட்ரியல் தீவில் சிவப்பு விளக்கில் வலப்புறம் திரும்பத் தடை இருப்பது இந்த வகையிலும் ஓர் உயிர்காப்பு. அதைத் தளர்த்தக் கேட்பவர்கள் டிரெய்லரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது? கியூபெக்கில் தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை 4,500 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள வண்டி கன வாகனம். இணைந்து ஓடும் வண்டிகளில் ஏதாவது ஒன்று அந்த அளவை எட்டினாலும் முழு இணைப்பும் கன வாகனமே. 1998இல் இயற்றிய சட்டத்தின் கீழ், தொழிலுக்கு அதை வைத்து இயக்குபவர் கியூபெக் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கிளம்பும் முன் சுற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். ஓட்டும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. பொக்லைன் சுமக்கும் 14,000 பவுண்டு டிரெய்லர், அதாவது 6,350 கிலோ, நிச்சயமாக இதற்குள் வரும். சிக்கல் விளிம்பில் உள்ளவற்றில்தான். அமெரிக்காவின் எல்லைக்கோடு 10,000 பவுண்டு. அதற்குள் அடங்கவென்று அங்கே 9,990 பவுண்டு டிரெய்லர்கள் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. கிலோவில் அது 4,531. அமெரிக்காவில் இலகு வகை, கியூபெக்கில் கன வாகனம். 10,000 பவுண்டு குறித்த முக்கால் டன் பிக்கப்பும் 4,536 கிலோவாகி அதே வலையில் விழுகிறது. 9,900 பவுண்டு குறித்தது 4,490 கிலோவாகித் தப்புகிறது. 10 பவுண்டு, 90 பவுண்டு வேறுபாட்டில் ஒருவர் விதிக்குள் வருகிறார், வெளியே போகிறார். சாலையில் ஓடும் எடையோ இருவருக்கும் ஒன்றே. மலிவாகக் கிடைக்கிறதென்று நியூயார்க், வெர்மாண்ட் பக்கமிருந்து டிரெய்லர் வாங்கி வருபவர்கள், கட்டுப்பாட்டு அதிகாரி நிறுத்திக் கேட்கும்போதுதான் இதை அறிகிறார்கள்.

உரிமம் இன்னும் பெரிய இடைவெளி. கியூபெக்கில் கார் ஓட்டும் அதே 5ஆம் வகுப்பு உரிமத்தோடு பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் பூட்டலாம். பக்கத்து ஒன்டாரியோவில் டிரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டினால் பெரிய லாரி வகுப்பைச் சேர்ந்த உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் உரிமத்தோடு தனித் தேர்வில் தேறினாலும் இழுக்கக்கூடியது 3,500 கிலோ டிரெய்லர் வரை மட்டுமே. கியூபெக்கில் கன வாகனச் சட்டத்தின் பதிவேடும் சோதனையும் வண்டியின் உரிமையாளரைப் பிடிக்கின்றன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு ஆட்டம் வந்தால் என்ன செய்வதென்று தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முதல் வாரம் வேலைக்குச் சேர்ந்த இளைஞரிடம் சாவியைக் கொடுத்து அனுப்பச் சட்டத்தில் தடையில்லை. கட்டுமானத் தொழிலில் புதிதாகக் குடியேறியவர்கள் பலர். வாழ்நாளில் டிரெய்லரையே பூட்டாத நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தச் சுமை அவர்கள் தலையில்தான் விழுகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. 4,500 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு 5ஆம் வகுப்பு உரிமத்தில் தனி ஒப்புதல் முத்திரை வேண்டும். அதற்கு ஒரு நாள் பயிற்சி போதும்: பாரம் வைப்பது, பிரேக் அளவு அமைப்பது, கட்டுவது, ஆட்டத்தை அடக்குவது, பின்னோக்கி ஓட்டுவது. பிரெஞ்சு தடுமாறுபவருக்கும் புரியும்படி படங்களோடு அது இருக்க வேண்டும். இயந்திரமும் டிரெய்லரும் சேர்த்து வாடகைக்கு விடும் கிடங்குகள், இழுக்க வந்த பிக்கப்பின் கதவுச் சீட்டைப் படித்து, முன்பாரத்தை எடைபோட்டு, எண்ணை ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பாரம் அளக்கும் எடைக்கருவி ஒன்றும் விலையுயர்ந்ததன்று. குளிர்கால டயர் விதியை 1,300 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கும் நீட்டலாம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லும் எடை அது.